வத்தல் அனுப்பாத கதை

பாளையங்கோட்டை
20.4.2025

அன்புள்ள கோமு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அண்ணாச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே?

கூழ் வத்தலும் இட்லிப் பொடியும் அம்பது பாக்கெட் பெங்களூருக்குப் பார்சல் போடு, அபார்ட்மெண்ட்ல வித்துத் தாரேன்னு கேட்டே. நான் மழுப்பினதுல உனக்குக் கோவமாம். உங்க அம்மைதான் சொன்னாக. போன்ல சொன்னா பேச்சு தடிச்சிரும்னு எழுதுதேன்.

நான் இப்ப முறைப்படி வியாபாரிளா. சிரிக்காத. போன வருஷம் வண்ணார்பேட்டைக் கடைக்காரர், "நம்பர் இல்லாத பாக்கெட்ட இனிமே வாங்க மாட்டேன்க்கா"ன்னுட்டார். எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் குடுக்கிற நம்பர், 14 இலக்கம். அப்ப, 2024-ல, வருஷம் 12 லட்சத்துக்குள்ள விக்கிறவுகளுக்கு லைசென்ஸ்கூட வேண்டாம், வெறும் பதிவு போதும்னு இருந்துச்சு. அப்ப கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய், அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா 500. இது தெரியாம ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 3,000 ரூபாயைக் கொடுத்துட்டு வந்தேன். அதுல உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவுக்குன்னு ஆயிரம் வேற. அரசாங்கம் அதை ஓசியா குடுக்கு, ஆதாரும் பான் கார்டும் இருந்தா நாமளே போட்டுக்கலாம். அத நெனைச்சா இன்னமும் வயிறு எரியுது.

அடுத்து லேபிள். எம்பேரும் போன் நம்பரும் மட்டும் போட்டு அடிச்ச ஸ்டிக்கர் கட்டுக்கட்டா பரண்ல கெடக்கு. விலாசம், எடை, தயாரிச்ச தேதி, எது வரை வச்சுச் சாப்பிடலாங்கிறது, எல்லா வரியும் சேர்த்த விலை, பச்சைப் புள்ளி, இத்தனையும் வேணுமாம். அப்புறம் என்னென்ன சேர்த்திருக்குன்னு எடை வரிசையில எழுதணும், அதிகமா இருக்கிறது முதல்ல. ஆச்சி காலத்துலருந்து கையளவுலயே போட்டவ நான், முதல்தடவையா தட்டுத் தட்டா நிறுத்துப் பாத்தேன். இட்லிப் பொடிக்கு மிளகாதான் முன்னால வரும்னு நெனைச்சேன், உளுந்து வந்துச்சு. மிளகா மூணாவது!

தராசுலயும் ஒரு பாடம். சமையக்கட்டுத் தராசு யாவாரத்துக்கு ஆகாது. முத்திரை குத்தின மெஷின் வேணும், அதையும் வருஷா வருஷம் தொழிலாளர் துறை ஆளுகட்ட காட்டி மறுமுத்திரை வாங்கணும். நல்லதுக்குத்தான். மொட்டை மாடியிலருந்து எடுத்த சூட்டோட 200 கிராம் கட்டின வத்தலை நாலு நாள் கழிச்சு நிறுத்தா 194 காட்டிச்சு. உள்ளுக்குள்ள ஈரம் இருந்திருக்கு. இப்பல்லாம் இன்னொரு வெயில் காய வச்சுத்தான் கட்டுதேன்.

இனி உன் விஷயத்துக்கு வாரேன். ஜிஎஸ்டிக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்லுதாக. சரிதான், நான் விக்கிறது நாலு லட்சங்கூடத் தேறாது. ஆனா வரி உள்ள சரக்கு மாநிலம் தாண்டி விலைக்குப் போச்சுன்னா அந்தக் கணக்கு செல்லாது. ஓசூரைத் தாண்டி ஒத்தப் பாக்கெட் போனாலும் மொதல்ல பதிவு பண்ணணும். என் மதினி இங்கருந்தே பெங்களூர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டு சொல்லிக் குடுக்கா. அவளுக்கு 20 லட்சம் வரை ஒரு தொந்தரவும் இல்ல. பாட்டு தாண்டலாம், வத்தல் தாண்டக் கூடாது!

பதிவு பண்ணிட்டாத்தான் என்னன்னு ஆடிட்டர்ட்ட கேட்டேன். வித்தாலும் விக்காட்டாலும் ரிட்டர்ன் போடணும், ஒண்ணும் விக்காம இருந்து அதை விட்டாலும் நாளைக்கு 20 ரூபாய் தண்டம்னார். மழைக் காலத்துல நான் எங்க வத்தல் போட? அப்பளம்னா வரி கிடையாதாம், அப்பளம் மட்டும் வித்தா பதிவே வேண்டாமாம். "அப்ப கூழ் வத்தலையும் அப்பளம்னு எழுதிரலாமா"ன்னேன். மெஷின்ல பிழிஞ்சு பொரிக்காம விக்கிற நொறுக்குத் துண்டுகளுக்கு வரி 18 சதவீதம் இருந்ததை 2023-லதான் 5 ஆக்கினாக, வத்தலை எதுல சேக்கன்னு வாதம் பண்ணலாம், ஆனா அந்த வாதத்துக்கு நீங்க ஆள் இல்லம்மான்னு சிரிச்சார். ரெண்டும் மாவுதான், ரெண்டும் வெயில்ல காயுறதுதான். எனக்கு இன்னமும் வித்தியாசம் புரியல.

அதனால பார்சல் வேண்டாம் கோமு. மே மாச லீவுக்கு வருவேல்ல, அப்ப இங்கயே காசு குடுத்து வாங்கிட்டுப் போ. வீட்டுக்குன்னா ஒரு தொல்லையும் இல்ல. அபார்ட்மெண்ட்ல விக்கணும்னா உனக்கும் ஒரு 14 இலக்கம் வேணும், அதுக்கு யார்ட்டயும் 3,000 குடுத்துராத.

மிதுக்கு வத்தல் அரைக் கிலோ உனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். அதுக்குக் காசும் வேண்டாம், லேபிளும் கிடையாது. வரும்போது போன தடவை கொண்டுபோன எவர்சில்வர் தூக்கை மறக்காம எடுத்துட்டு வாட்டி.

உன்
செண்பகம்