செயலாளரின் ஆண்டறிக்கை: வெளிக்கள நிலையங்களுக்கான மின்வசதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வீட்டுக்கு வெளியே அமெச்சூர் வானொலி நிலையம் அமைப்போருக்கான மின்வசதியைச் சீர்செய்யும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு செயற்குழுவிடம் ஒப்படைத்தது. அப்பணியின் நிலையை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

ஆண்டின் முதல் முகாமில், அனுப்பவும் கேட்கவும் பயன்படும் நம் 100 வாட் வானொலிக் கருவியான டிரான்ஸீவர், கேட்கும்போது ஒழுங்காக இருந்து, மைக்கில் குரல் உயரும் கணத்திலெல்லாம் அணைந்து போயிற்று. பழைய ஈய அமில பேட்டரிதான் தேய்ந்துவிட்டது என்று அனைவரும், என்னையும் சேர்த்து, முடிவு கட்டினோம். மீட்டர் வைத்துப் பார்த்தபோது, டிரான்ஸ்மிட் செய்கையில் பேட்டரி முனையில் 12.4 வோல்ட்டும் செட்டின் பின்புறம் 11.3 வோல்ட்டும் காட்டியது. 13.8 வோல்ட்டுக்கு 15 விழுக்காடு கூடக் குறைய இயங்குமாறு அமைந்த அந்தச் செட்டுக்கு 11.7 தான் கீழ் எல்லை. இடையிலிருந்த 4 மீட்டர் நீள, 2.5 சதுர மி.மீ. வயர், போக வர 8 மீட்டராகி, சுமார் 0.055 ஓம் மின்தடையுடன் 20 ஆம்பியரில் 1.1 வோல்ட்டைத் தின்றிருந்தது. 6 சதுர மி.மீ. வயரை ஒன்றரை மீட்டருக்கு வெட்டிப் பொருத்தியதும் குறை தீர்ந்தது. பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸும் போடப்பட்டது.

பின்னர் வாங்கிய 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதே அளவு ஈய அமில பேட்டரியின் எடையில் பாதிக்கும் குறைவு. தீரும் தறுவாய் வரை வோல்ட்டேஜும் பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யலாகாது. அதன் கொள்ளளவு 256 வாட்-மணி என்பதால் விமானப் பயணத்தில் உடன் எடுத்துச் செல்லவும் இயலாது.

சோலார் பேனலால் பகல் முழுவதும் சார்ஜ் கிடைத்தது உண்மையே. எனினும் பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைச் சீராக்கும் கன்ட்ரோலரின் ஸ்விட்சிங் இரைச்சல் 7 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய சிக்னல்களை மூடிவிட்டது. வயர்களை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் பல சுற்றுச் சுற்றியதில் அது குறைந்ததேயன்றி மறையவில்லை. ஆகவே மெல்லிய நிலையங்களைக் கேட்கும் வேளையில் பேனலைக் கழற்றிவிடுகிறோம்.

என் கருத்தில், செலவில்லாத சேமிப்பு பவரைக் குறைப்பதே. 100 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்கினால் எதிர்முனையில் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிகூடக் குறையாது. கணினி வழியே சிறு செய்திகளை அனுப்பும் எஃப்டி8 முறையை இயக்குவோர் இதை அவசியம் கருத வேண்டும். பேச்சில் குரலுக்கிடையே மின்சாரம் இளைப்பாறும், அதிலோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 13 விநாடி முழு பவரும் இடைவிடாமல் ஓடுகிறது.

பேட்டரியை இரவல் பெறுவோர் சார்ஜ் ஏற்றியே திருப்பித் தருமாறு மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொள்கிறேன். மீதமுள்ள இரண்டு செட்டுகளின் வயர்களையும் மாற்ற ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்