மொட்டைமாடியில் நீட்டி நிற்கும் கம்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1960-இல் அலிக்ஸ், கரோல் புயல்கள் சில வார இடைவெளியில் மொரீசியஸைப் புரட்டிப் போட்டபின், தகரக் கூரையை நம்பாமல் கான்கிரீட் வீடுகளுக்கு மாறினோம். தூண், தளம், படிக்கட்டு என்று கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1914-இல் வரைந்த டோம்-இனோ சட்டகத்தின் சாயலை ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் தெருவுக்குத் தெரு காணலாம். பிள்ளைகள் தலையெடுத்தால் மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பிகளையும் நீட்டி விட்டிருக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் பல வீடுகளில் அவை ஆண்டுக்கணக்கில் வெறுங்கம்பியாகவே மழையில் நிற்கின்றன.

மேல்தளம் ஒழுகினால் உடனே மேலே நீர் புகாத ஷீட் ஒட்டுகிறார்கள். முதலில் மாடியில் நீட்டி நிற்கும் தூண் கம்பிகளின் அடியைப் பாருங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் கம்பியைச் சுற்றி கான்கிரீட் வெடிக்கிறது, மழைநீர் கம்பி வழியே உள்ளே இறங்குகிறது. நெருங்கி நிற்கும் நான்கு கம்பிகளுக்கு நடுவே எந்த ஷீட்டும் சரியாக ஒட்டாது. தளம் போடும்போதே தூணை 150 மி.மீ. உயர்த்தி நிறுத்தி, அதற்கு மேல் கம்பி விட்டிருந்தால் தேங்கும் நீர் அதைத் தொடாது. தளத்துக்கு நீர் வழிய மீட்டருக்கு 12 முதல் 15 மி.மீ. வாட்டமும் (சரிவும்) வேண்டும்.

ஏற்கெனவே விட்ட கம்பியைக் காப்பது பெரிய செலவில்லை. இரும்பு பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, சிமெண்ட் பால் இரண்டு கை பூசி, சுற்றிலும் பலகைப் பெட்டி அடைத்து, சிமெண்ட் குறைவான மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிடலாம். மாடி கட்டும்போது அது எளிதாக உடைந்து வரும். கம்பியை மடக்கிப் படுக்கவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். துருப்பிடித்த கம்பி மறுபடி நிமிர்த்தும்போது வளைவில் விரிசல் விடும்.

மாடி எழுப்பும் நாளில் கம்பியை அளக்காமல் புதுக்கம்பி கட்டுவது இன்னும் ஆபத்து. 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் கண்ணுக்கு அது சிறு வித்தியாசம். பரப்பளவில் 30 சதவீதம் போய்விட்டது. துருவைச் சுரண்டியபின் காலிப்பரால் (தடிமன் அளக்கும் கருவி) அளக்க வேண்டும், அதுவும் தளத்தை ஒட்டிய கழுத்துப் பகுதியில். அதிகம் தேய்வது அங்கேதான். தேய்ந்திருந்தால் நல்ல இரும்பு தெரியும்வரை கான்கிரீட்டைக் கொத்தி, அங்கிருந்து கம்பி விட்டத்தின் 50 மடங்கு நீளத்துக்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு 600 மி.மீ., பழைய கம்பியோடு புதுக்கம்பியைச் சேர்த்து வைத்து ஒட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு நீளம் போதாவிட்டால் கான்கிரீட்டில் துளையிட்டு எபாக்சி பசையில் புதுக்கம்பி நடுவதுதான் வழி. எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியாளர் கணக்கிடட்டும்.

லகூன் (பவளப்பாறைக்கும் கரைக்கும் இடையிலான ஆழமற்ற கடல்) மணல் அள்ளுவது 2001-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடானால் உப்பையும் சோதியுங்கள். சரியாகக் கழுவாத பவள மணலின் உப்பு கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கும். ஓரிடத்தைக் கொத்திப் பூசினால் அதன் பக்கத்திலேயே புதிதாகத் துரு கிளம்பும்.

கட்டட அனுமதி தரும் நகர, மாவட்ட மன்றங்கள், வரைபடத்தில் எதிர்கால மாடி காட்டப்பட்டிருந்தால் கம்பிக்கான மூடியையும் அதே வரைபடத்தில் கேட்க வேண்டும்.

கட்டடப் பொறியாளர்,
காத்ர் போர்ன்