ஞாயிறு ஸ்ரீக்ஷேத்ரா போகிறவர்களுக்கு

ஸ்ரீக்ஷேத்ரா, மியான்மரின் பழங்குடிகளான பியூ மக்கள் கட்டிய பழைய மதில் நகரம். புரோமிலிருந்து (இன்றைய பியே) தென்கிழக்கே சுமார் 8 கி.மீ., மோசா கிராமம். காலை 7 மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். சாய்வெயிலில்தான் நிழல் விழுந்து மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தரைதான்.

மதில் என்றதும் செஞ்சிக்கோட்டையை நினைத்து வராதீர்கள். பெரும்பாலும் புல் மூடிய மண்மேடு. அதன் வெளிப்பக்கம் ஒட்டி வரும் தாழ்வுதான் அகழி. மேடும் தாழ்வும் சேர்ந்து வளைந்து போனால் அது மதில். பழைய நகரை ஊடறுத்து நேராகப் போவது ரயில்மேடு. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வாசல்களில் நிதானமாக நில்லுங்கள். இரு பக்க மதிலும் உள்நோக்கி வளைந்து, நடுவே நீண்ட சந்து. பாய்ந்து வரும் படை அதற்குள் நெருக்கிக்கொள்ளும், இரு மேட்டிலிருந்தும் அடி விழும். பியூ மக்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை! செங்கல் ஏறக்குறைய ஒரு முழ நீளம். சிலவற்றில், ஈரக்களிமண்ணில் விரலால் இழுத்த கோடு அப்படியே இருக்கும்.

சரிவில் ஏறாதீர்கள், செங்கல் பெயர்ந்து உருளும். ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. 2014 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம்.

கண்ணாடி விரியன் உள்ள பூமி, மூடிய ஷூ கட்டாயம். பயாக்களில் (பௌத்தக் கோயில்கள், தூபிகள்) கழற்ற வேண்டியிருக்கும், நாடா இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள்.