ஸ்கிரீன் அச்சும் கைவேலைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் 1950களின் கைஅச்சுத் துணிகளைப் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் கட்டை அச்சு, அதாவது செதுக்கிய மரக்கட்டையில் சாயம் தொட்டு அடித்தது என்று அதில் காட்டிய படத்துச் சேலை கட்டை அச்சு அல்ல. கையால் இழுத்த ஸ்கிரீன் அச்சு.

அதில் ஒரு பூவே முக்கால் முழம் இருக்கிறது. நாள் முழுக்கத் தூக்கிக் குத்த வேண்டிய கட்டை பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். பெரிய பூவைப் பல கட்டைகளாகப் பிரித்து அடித்திருந்தால் ஒட்டு தெரியும். கட்டையைத் தட்டும்போது சாயம் ஓரத்துக்குப் பிதுங்குவதால் கோட்டின் விளிம்பு நடுவைவிட அடர்ந்து நிற்கும். படத்தில் இரண்டுமே இல்லை.

அந்தக் காலத்து ஸ்கிரீன் என்பது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு அல்லது ஆர்கண்டி என்னும் மெல்லிய பருத்தித் துணி. அதில் டைகுரோமேட் (ஜெலட்டினை வெளிச்சத்தில் இறுக வைக்கும் உப்பு) கலந்த ஜெலட்டினைப் பூசி, இருட்டில் காயவைத்து, கறுப்பு மையில் வரைந்த டிசைனை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். மறைந்த இடம் வெந்நீரில் கரைந்து சாயத்துக்கு வழிவிடும். இறுகிய பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்து, அதை லாக்கர் என்னும் வார்னிஷ் போன்ற பூச்சால் அடைக்க மறந்தால், ஒவ்வொரு ரிப்பீட்டிலும் (டிசைன் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும்) அதே இடத்தில் ஒரு வேண்டாத புள்ளி விழும். மும்பை மாட்டுங்கா வீடுகளில் பீரோவில் பழைய சேலை வைத்திருப்பவர்கள் அந்தப் புள்ளியைத் தேடிப் பார்க்கலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்தால் ரிப்பீட்டின் நீளம் கிடைத்துவிடும்.

மேசையில் விரித்த துணியில் ரிப்பீட்டுகளை 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்று அடித்து, காய்ந்த பிறகே 2, 4, 6 அடிப்பார்கள். வரிசையாக அடித்தால் சட்டத்தின் அடிப்பக்கம் ஈரச் சாயத்தில் பட்டு அப்பிவிடும். சட்டம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட மேசையின் ஓரக் கம்பியில் முடுக்கிய ஸ்டாப்பர் நூலளவு நகர்ந்தாலும் இரண்டு ரிப்பீட்டுக்கு நடுவே வெள்ளைக் கீற்று விழும், அல்லது கோடு இரட்டிக்கும். எதிரெதிரே நின்று ஸ்குவீஜியை (சாயத்தைத் தள்ளும் ரப்பர் பட்டையை) வாங்கி இழுக்கும் இருவரின் அழுத்தமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெளிறும். இதைக் கைவேலையில் சேர்க்காமல் விடுவது நியாயமல்ல.

இன்னொரு திருத்தம். 1956இல் வந்த புரோசியன் போன்ற ரியாக்டிவ் சாயங்களை (நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயங்களை)க் கஞ்சிப்பசையில் கலந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அப்படிக் கலந்தால் சாயம் நூலைப் பிடிக்காமல் பசையைப் பிடித்துக்கொள்ளும். நிறம் குறையும், எத்தனை அலசினாலும் துணி விறைத்தே நிற்கும். அவற்றுக்கு ஏற்றது கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்.

அடுத்த முறை இப்படிப்பட்ட படம் வெளியிடும்போது துணியின் பின்பக்கத்தையும் கரையோரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

துணி அச்சுத் தொழிலாளர்கள்,
தாராவி, மும்பை