டிரில்லில் இறுகிய ‘சக்’கைக் கழற்றுவது பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கண்டேன். தோப்பில் வெள்ளை ஈ குறைந்து காய்ப்பு தேறி வருவது நிம்மதி அளிக்கிறது. ஆனால் கயிறு மில்லில் டிரில்லின் சக், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்தலை, கழலவில்லை என்று அதைக் கிரைண்டரால் அறுக்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம். சக் திருகி நிற்கும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மரையில் கிரைண்டர் ஒருமுறை பட்டுவிட்டால், புதுச் சக்கும் நேராக உட்காராமல், துளை போடும் பிட் ஆடிக்கொண்டே இருக்கும்.

சக்கின் தாடை மூன்றையும் முழுவதும் விரித்து, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். இரு திசையிலும் சுற்றும் டிரில்லாக இருந்தால் பெரும்பாலும் அடியில் ஒரு ஸ்குரூ இருக்கும். நார்த்தூசியும் கிரீஸும் சேர்ந்து அதன் தலையை மூடியிருக்கும் என்பதால், ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே ஸ்குரூ டிரைவரை வையுங்கள். அது இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பட்டறைக்கு வரும் டிரில்களில் நான் அதிகம் காணும் சேதம் இந்த இடத்தில்தான்: பழக்கத்தால் எதிர்ப்பக்கம் திருப்பி, மேலும் இறுக்கி, தலையை மழுக்கிவிடுகிறார்கள்.

ஸ்குரூ வந்த பின், மரை தொடங்கும் இடத்தில் துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ‘L’ வடிவில் வளைந்த பெரிய ஆலன் கீ ஒன்றின் குட்டைக் காலைத் தாடையில் இறுகக் கவ்வ வைத்து, டிரில்லை மேசையில் படுக்கவைத்து, நீளமான காலின் நுனியில் மரச்சுத்தியால் ‘டக்’கென்று ஓர் அடி போடுங்கள். சக்கை முன்னாலிருந்து பார்க்கும்போது அந்த அடி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் விழ வேண்டும். மெதுவாக அழுத்தினால் ஸ்பிண்டிலும் கூடவே சுற்றிவிடும்; சட்டென்று அடித்தால் மோட்டாரும் பல்சக்கரங்களும் அசைவதற்குள் அடியின் வேகம் முழுவதும் மரையில் இறங்கிவிடும். அதனால் வேகம்தான் தேவை, கனம் தேவையில்லை. சக்கின் பக்கவாட்டில் மட்டும் அடிக்காதீர்கள், பேரிங் போய்விடும்.

தூணில் நிற்கும் டிரில்லிங் மெஷினுக்கு இந்த முறை பொருந்தாது. அதில் பெரும்பாலும் மரை இல்லாத, கூம்பாகச் சரிந்த மோர்ஸ் டேப்பர் பிடிதான். ஏறத்தாழ 20-க்கு 1 என்ற சாய்வில் இரும்பும் இரும்பும் கவ்வி நிற்பதால், ஸ்பிண்டிலின் பக்கத் துளையில் டிரிஃப்ட் என்ற ஆப்பைச் செருகித் தட்டினால் விழுந்துவிடும். கீழே பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

புதுச் சக் வாங்கும்படி ஆனால், பழையதன் உடலில் பொறித்திருக்கும் மரை அளவைக் குறித்து அனுப்புங்கள். அரை அங்குலத் தடிப்பில் அங்குலத்துக்கு 20 மரையா, எட்டில் மூன்று (3/8) அங்குலத் தடிப்பில் 24 மரையா என்று தெரிந்தால் கோவையிலேயே பார்த்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
கோவை கணபதியிலிருந்து உங்கள் நண்பன்