கன்டென்ட் கிரியேட்டர் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டணம் வாங்கிக்கொண்டு ‘யூடியூபர் ஆவது எப்படி’ என்று வகுப்பெடுக்கும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். நான் வீடியோ எடிட்டர். புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்களுக்கு எடிட் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. உங்கள் வகுப்பை முடித்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்ததாக வந்து நிற்பது என்னைப் போன்றவர்களிடம். கையில் உங்கள் சான்றிதழ் இருக்கும், ரிங் லைட் இருக்கும், காலர் மைக் இருக்கும், மூன்றே மாதத்தில் பார்க்கிற வேலையை விட்டுவிடலாம் என்ற கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்டால் உங்கள் விளம்பரத்தைக் காட்டுகிறார்கள். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வகுப்பு நடத்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கேமராவைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆட்கள் உங்களிடம் படித்த பிறகு தடுமாறாமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். என் குறை வேறு. சேனல் தொடங்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதையே தொழிலாக வைத்துக்கொண்டால் எவ்வளவு வரும், எப்போது வரும், எதனால் நின்றுபோகும் என்று சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பேட்ச் நிரம்பாதோ என்னவோ.

நீங்கள் வகுப்பில் சொல்லும் 1,000, 4,000 கணக்கையே எடுத்துக்கொள்வோம். யூடியூப்பில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு, அதாவது குட்டிச் செங்குத்து வீடியோக்களுக்கு, ஒரு கோடி வியூஸ் வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்கிறீர்கள். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம் என்று பலகையில் எழுதிக் காட்டியவர் உங்களில் யாராவது உண்டா? ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 80,000 வியூஸ் வேண்டும். புதுச் சேனலில் ஒரு வீடியோவுக்கு 200 வியூஸ் வருகிறது என்றால், அந்த வேகத்தில் 400 வீடியோ போட வேண்டும். அதுவும் 12 மாதத்துக்குள். இந்தப் பக்கம் மணி நேரம் சேரச் சேர, அந்தப் பக்கம் ஓர் ஆண்டைத் தாண்டியவை கணக்கிலிருந்து கழிந்துகொண்டே வரும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இந்த 4,000-இல் சேரவே சேராது. தினம் இரண்டு ஷார்ட்ஸ் போட்டுவிட்டு மணி நேரம் ஏன் ஏறவில்லை என்று என்னிடம் வந்து கேட்கிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘இப்போதெல்லாம் 500 சப்ஸ்கிரைபர் இருந்தாலே பணம்’ என்பது உங்களில் சிலர் விடும் அடுத்த சரடு. 2023-இல் வந்த அந்தக் கீழ்ப்படிக்கும் 3,000 மணி நேரமோ 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸோ வேண்டும். அதில் திறப்பது மெம்பர்ஷிப் (மாதச் சந்தா), சூப்பர் சாட் (நேரலையில் பணம் கொடுத்துப் போடும் செய்தி) போன்றவை, அதாவது ரசிகர்கள் நேரடியாகக் கொடுக்கும் பணம். விளம்பரப் பங்கு அதில் வராது. 500 பேர் மட்டுமே இருக்கும் சேனலில் சூப்பர் சாட் கொடுக்கப்போவது பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

அடுத்து, வருமான ஸ்கிரீன்ஷாட். உங்கள் எல்லா விளம்பரத்திலும் ஒன்று இருக்கிறது. எந்த மாதத்துடையது என்று பெரும்பாலும் தெரியாது. ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பதும், ஜனவரியில் அது சட்டென்று இறங்குவதும் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் எண்ணைக் காட்டி வருடம் முழுக்க இப்படித்தான் என்று நம்பவைப்பது எளிது. இன்னொரு வேலையும் நடக்கிறது: சிபிஎம்-ஐக் காட்டி அதுதான் கைக்கு வரும் என்று சொல்வது. சிபிஎம் என்பது விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு விளம்பரதாரர் கொடுப்பது. கிரியேட்டர் பார்க்க வேண்டியது ஆர்பிஎம்: யூடியூப் தன் பங்கை எடுத்த பிறகு ஆயிரம் வியூஸுக்கு மிஞ்சுகிற தொகை. விளம்பரமே ஓடாத வியூஸும் அந்த ஆயிரத்துக்குள் அடக்கம். நீளமான வீடியோவில் விளம்பரப் பணத்தின் 55 சதவீதம் கிரியேட்டருக்கு. ஷார்ட்ஸில் எல்லாருடைய விளம்பரப் பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, இசைக்கான பங்கு கழிந்து, கிரியேட்டருக்கு ஒதுக்கப்பட்டதில் 45 சதவீதம்தான் வரும். ஷார்ட்ஸில் பத்து லட்சம் வியூஸ் போன பிறகு வந்த தொகையைப் பார்த்து ‘ஏதோ தப்பு நடந்திருக்கு’ என்று போன் செய்பவர்களிடம் தப்பு எதுவும் இல்லை என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

உங்கள் பாடத்திட்டத்தில் டேக், அதாவது வீடியோவோடு சேர்க்கும் தேடல் சொற்கள், போடுவதற்கு ஒரு முழு வகுப்பு இருக்கிறது. வீடியோவைத் தேடிக் கண்டுபிடிப்பதில் டேக்குக்கு மிகக் குறைந்த பங்குதான், தலைப்பில் எழுத்துப்பிழையாகத் தேடப்படும் சொல் இருந்தால் உதவும் என்று யூடியூப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்லிவிட்டது. மாலை எத்தனை மணிக்குப் போட்டால் வைரல் ஆகும் என்பதற்கு இன்னொரு வகுப்பு. அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த இரண்டு வகுப்பையும் நீக்கிவிட்டு ரிடென்ஷன் கிராஃபை, அதாவது வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் கோட்டை, படிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்பது என் முக்கியமான கோரிக்கை. ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்களில் ஒருவரிடம் படித்துவிட்டு வந்த பெண், சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றிச் சேனல் வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்தவர், கைவேலையும் சுத்தம். கியர் தானாக நழுவுவதைச் சரிசெய்வது பற்றிய வீடியோ. நீங்கள் கொடுத்த வார்ப்பை அப்படியே பின்பற்றியிருந்தார்: சுழன்று வரும் லோகோ, பிறகு ‘வணக்கம் நண்பர்களே’, பிறகு சப்ஸ்கிரைப், பெல் பட்டன், பிறகு இன்றைக்கு என்ன பார்க்கப்போகிறோம், பிறகு கியர் என்றால் என்ன. முப்பதாவது வினாடியில் பாதிக்கு மேல் ஆட்கள் போய்விட்டார்கள். கோடு சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஆனால் இரண்டாவது நிமிடத்தைத் தாண்டி ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு. மேடு என்றால் பார்த்தவர்கள் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே போய்ப் பார்த்தால், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் கேபிள் வந்து நுழைகிற இடத்தில் இருக்கும் சின்னத் திருகை அவர் விரலால் அரைச் சுற்றுத் திருப்புகிறார். சங்கிலி கடகடவென்று சத்தம் போடுவது நிற்கிறது. மொத்த வீடியோவும் அந்த ஒரு நொடிதான்.

அடுத்த வீடியோவில் அந்த மாதிரி நொடியை எடுத்து முன்னால் வைத்தோம். முதலில் கடகட சத்தம், திருகு, சத்தம் நிற்கிறது. எப்படி என்பது பிறகு. லோகோவைத் தூக்கிவிட்டோம். வைரல் எதுவும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு அவ்வளவு செங்குத்தாக விழவில்லை, அவ்வளவுதான். கீழே ஒருவர், டிஸ்க் பிரேக் உரசினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதுவே அடுத்த வீடியோ ஆனது. சின்னச் சேனல் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது: ஒருவர் தேடி வருகிற கேள்விக்கு ஒழுங்கான பதில், அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி. இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும், ஒவ்வொரு மாணவரின் கிராஃபையும் திறந்து உட்கார வேண்டும். ஒரு பேட்சில் நூற்றுக்கணக்கில் ஆள் சேர்த்தால் அது முடியாது என்பது எனக்கும் தெரிகிறது.

காப்பிரைட் விஷயத்தில் நீங்கள் சொல்லிக்கொடுப்பது ஆபத்தானது. ‘பத்து வினாடிக்குள் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை’ என்று இந்தியக் காப்பிரைட் சட்டத்தில் பொது விதி இல்லை, யூடியூப்பிலும் இல்லை. நான் பார்த்தவரை, உங்கள் மாணவர்களுக்கு கிளைமுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் வித்தியாசம்கூடத் தெரிவதில்லை. கன்டென்ட் ஐடி (அடுத்தவர் பாட்டை, காட்சியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு) மூலம் கிளைம் வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சேனல் தப்பித்துவிடும். ஸ்ட்ரைக் அப்படியில்லை, அது உரிமையாளர் புகார் செய்து வீடியோ நீக்கப்படும்போது சேனல் மேலேயே விழுவது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து, கிளைம் வந்ததும் பதறி நல்ல வீடியோவை அழித்தவர்களும் இருக்கிறார்கள், ஸ்ட்ரைக்கைச் சாதாரணமாக விட்டவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது உங்களில் பலர் புதிதாக விற்பது ‘முகம் வேண்டாம், குரல் வேண்டாம், எல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளும்’ என்கிற சேனல். ஒரே அச்சில் வார்த்த மாதிரி மொத்தமாகத் தயாரிக்கும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது என்ற விதி யூடியூப்பில் பழையதுதான். 2025 ஜூலை 15-ஆம் தேதி அதன் பெயரை ‘இன்ஆதென்டிக் கன்டென்ட்’ (அசலல்லாத உள்ளடக்கம்) என்று மாற்றி இன்னும் தெளிவாக்கினார்கள். ஏஐ பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. ஆள் யார் என்றே தெரியாமல் ஒரே வார்ப்பில் நூறு வீடியோ இறக்கினால், மானிட்டைசேஷனுக்கு, அதாவது வருமானம் பெறும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கும்போது நிராகரித்துவிடுவார்கள். அதாவது மாணவர் ஓர் ஆண்டு உழைத்து 4,000 மணி நேரத்தைத் தொட்ட பிறகுதான் அந்தப் பதில் வரும். அதற்குள் உங்கள் கட்டணம் திரும்பக் கேட்கும் காலம் முடிந்திருக்கும்.

விதிகள் மாறும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 2017-இல் யூடியூப்பில் மொத்தம் 10,000 வியூஸ் இருந்தால் போதும் என்றிருந்தது, 2018 ஜனவரியில் இன்றைய 1,000, 4,000 வந்தது. ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்த சின்னச் சேனல்களும் அதில் வெளியே போயின. அப்போதாவது தளம் மிஞ்சியிருந்தது. ஆறு வினாடி வீடியோவுக்குப் பெயர்போன வைன் 2013-இல் வந்தது, 2017 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே கோடிக்கணக்கில் வியூஸ் வைத்திருந்தவர்கள் வேறு தளத்துக்கு ஓட வேண்டியதாயிற்று, எல்லோராலும் ஓட முடியவில்லை. ஆகவே முதல் மாதத்திலிருந்தே மின்னஞ்சல் பட்டியலோ சொந்த இணையதளமோ, பார்வையாளரை நேரடியாக எட்ட ஒரு வழி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள்.

பிராண்டு ஒப்பந்தத்தை வாசிக்கவும் ஒரு வகுப்பு வேண்டும். சேனலைத் தொழிலாக நடத்துகிறவர்களில் பலருக்குப் பெரிய பணம் அதிலிருந்துதான் வருகிறது. கையெழுத்துப் போடும் முன் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்: பணம் எத்தனை நாளில், போட்டி நிறுவனத்துக்கு எவ்வளவு காலம் செய்யக் கூடாது, அந்த வீடியோவை நிறுவனம் தன் விளம்பரமாக எவ்வளவு காலம் ஓட்டலாம். ‘காலவரையின்றி’ என்ற சொல்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒரு தடவை வாங்கிய பணத்துக்கு முகத்தை என்றைக்குமாக எழுதிக் கொடுத்த மாதிரிதான். கூடவே, பணம் வாங்கிச் செய்த வீடியோ என்று பார்வையாளருக்குத் தெரிவிக்கும் கடமையையும் சொல்லுங்கள்.

இனி, நான் கேட்பது. அடுத்த பேட்சின் விளம்பரத்தில் மூன்று எண்களைப் போடுங்கள். உங்கள் சொந்த வருமானத்தில் சேனலிலிருந்து வருவது எத்தனை சதவீதம், வகுப்புக் கட்டணத்திலிருந்து வருவது எத்தனை சதவீதம். சென்ற ஆண்டு படித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வீடியோ போடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மானிட்டைசேஷன் வரை போயிருக்கிறார்கள். மூன்றுமே உங்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் கேள்வியில் கிடைத்துவிடும். வருமானம் முக்கால்வாசி வகுப்பிலிருந்துதான் வருகிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் வேலை நல்ல வேலை. அதை யூடியூப் வருமானம் என்று காட்டுவதுதான் பிரச்சினை.

அந்த எண்களை அச்சிடுகிற பயிற்சியாளருக்கு நானே ஆள் அனுப்புகிறேன். கிராஃப் படிக்கும் வகுப்பை எடுக்கக் கூப்பிட்டால் கட்டணம் இல்லாமல் வந்து எடுத்துக் கொடுக்கவும் தயார். வாரத்தில் ஞாயிறு தவிர எந்த நாளும் சரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய மாணவர்களின் வீடியோ நிறைய வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்