செயற்கை எலும்பு: முதுகில் சோதித்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையில், இனி நோயாளியின் இடுப்பிலிருந்து எலும்பு எடுக்க வேண்டாம், செயற்கை எலும்புத் துகள்களே போதும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாள் வந்தால் மிகவும் மகிழ்வேன். நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி குறைந்த பிறகும், எலும்பு எடுத்த இடத்து வலியோடு சிலர் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அந்தத் துகள்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

இந்தத் துகள்கள் ஹைட்ராக்சி அபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற கால்சியப் பொருள்களால் ஆனவை. இவை தாமாக எலும்பை உண்டாக்குவதில்லை. எலும்பு படர்ந்து வளரப் பந்தல் போட்டுத் தருகின்றன, அவ்வளவுதான். தொடை எலும்பில் துளையிட்டு நிரப்பினால், சுற்றிலும் உயிருள்ள எலும்பு இருப்பதால் துளை எளிதில் மூடிக்கொள்ளும். முதுகின் பின்பக்கத்தில் கதையே வேறு. இரண்டு முள்ளெலும்புகளின் பக்க நீட்சிகளுக்கு நடுவே, வெறும் தசை இருக்கும் இடத்தில், புதிதாக எலும்புப் பாலம் உருவாக வேண்டும். இதற்கென்றே முயலின் கீழ்முதுகில் செய்யும் சோதனை முறை ஒன்றை 1995இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் போடனின் குழுவினர் விவரித்தார்கள். அதில் முயலின் சொந்த எலும்பையே வைத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் எலும்பு சேர்வதில்லை. அவ்வளவு கடினமான சோதனை என்பதால்தான் அதற்கு மதிப்பு.

எக்ஸ்ரே விஷயமும் இருக்கிறது. கால்சியம் உள்ள இந்தத் துகள்களே படத்தில் எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதை மட்டும் பார்த்து ‘சேர்ந்துவிட்டது’ என்று சொல்லிவிட முடியாது. விலங்குச் சோதனையில் முதுகெலும்பை எடுத்துக் கையால் வளைத்து, அசைகிறதா என்று பார்ப்பார்கள். மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். மனிதர்களுக்கு அது முடியாது. சிடி ஸ்கேனும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேக்களும்தான் வழி.

அமெரிக்காவில் இவற்றில் பல ‘510(கே)’ என்ற வழியில் அனுமதி பெற்றவை. ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளுக்கு இணையானது என்று காட்டினால் போதும். மனிதர்களிடம் சோதித்த முடிவுகள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. முதுகில் வைக்கப்போகும் பொருளை முதுகில்தான் சோதிக்க வேண்டும், அதுவும் சொந்த எலும்போடு ஒப்பிட்டு. ஸ்கேனைப் படிப்பவருக்கு எதில் எது வைக்கப்பட்டது என்று தெரியக்கூடாது.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, குறிப்பிடும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தச் சோதனைகளில் எவை நடந்தன என்பதையும் தயவுசெய்து வெளியிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் நோயாளிகள் மருத்துவரிடம் கேட்க அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்